முப்பத்தொரு கையெழுத்து

பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போவது சுலபம். ஆசிரியர்களை அழைத்துப் போய்ப் பாருங்கள், அப்போது தெரியும். வாத்தியாருக்குப் பாடம் சொல்வதைப் போல உலகத்தில் கொடுமையான வேலை வேறு கிடையாது. அதில் நான் பதினோரு வருடம் குப்பை கொட்டினேன்.

நான் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவள். மஞ்சக்குப்பத்தில்தான் ஆபீஸ். வருடத்துக்கு ஒரு முறை அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள் முப்பது பேரைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போய் இரண்டு நாள் இயற்கைப் பயிற்சி கொடுப்போம். பாதிப் பேர் கடலூர்ப் பக்கம், பாதிப் பேர் சிதம்பரம் பக்கம். கடலையும் வயலையும் பார்த்து வளர்ந்தவர்கள். மலை என்றால் சினிமாவில் பார்த்ததுதான்.

இப்போது பயிற்சி நடத்துகிற சின்னவர்கள் சிலர் என்னிடம், "மேடம், நீங்க மலைக்கெல்லாம் கூட்டினு போவீங்களாமே, ஜாலியா இருந்துருக்கும்" என்று கேட்கிறார்கள். ஜாலியாகத்தான் இருந்தது, கடைசிப் பயிற்சிவரை. அந்தக் கடைசிப் பயிற்சியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நல்ல கதை இல்லை. பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஏ.என். கையெழுத்து

முதலில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் நடந்தது எதுவும் புரியாது.

எந்தப் பயிற்சியானாலும் வருகைத்தாளில் ஒவ்வொரு பேருக்கும் எதிரே இரண்டு கட்டம் இருக்கும். முற்பகலுக்கு ஒன்று, பிற்பகலுக்கு ஒன்று. எஃப்.என்., ஏ.என். என்போம். இரண்டிலும் கையெழுத்து இருந்தால்தான் ஓ.டி. சான்று. அதாவது அந்த நாள் பணியில் இருந்ததாகக் கணக்கு. சாயங்காலம் எல்லோரும் பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள். ஒரு தாளுக்கு முப்பது பேர் அடித்துக்கொள்வார்கள். அதனால் நான் நடத்திய பயிற்சிகளில் காலையிலேயே இரண்டு கட்டத்திலும் வாங்கிவிடுவது வழக்கம். "ரெண்டுலயும் போட்டுருங்க சார், சாயங்காலம் தொல்ல இருக்காது" என்று எக்ஸாம் பேடை நீட்டுவேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சீனியர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வருடம் முப்பத்தொரு பேர். இரண்டாம் நாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் முப்பத்தொன்றும் அறுபத்திரண்டு கையெழுத்தாகப் பேடில் வந்துவிட்டது.

அந்தோணிசாமி சார்

கடலூர் முதுநகரில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். ஐம்பத்திரண்டு வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் பழைய தோல் பை, பையில் சுகர் மாத்திரை. மற்றவர்கள் வந்ததும் "மேடம், இங்க நெட் கெடைக்குமா?" என்று கேட்டபோது, இவர் மட்டும் "டீச்சர், நோட்டு எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டார். கோடு போடாத நாற்பது பக்க நோட்டு ஒன்று எல்லோருக்கும் கொடுப்போம். பார்த்ததை எழுத, வரைய. பெரும்பாலோர் அதை விசிறியாக வைத்துக்கொள்வார்கள். அவர் முதல் நாள் ராத்திரிக்குள் ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். குழியானைப் பூச்சி எப்படி மண்ணைத் தள்ளிக் குழி தோண்டுகிறது என்று படம் வேறு. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. முப்பது பேர் கொட்டாவி விடும்போது ஒருத்தர் கண்ணை விரித்துப் பார்த்தால், அந்த ஒருத்தருக்காகத்தான் பாடமே நடக்கும். வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

என்கூடப் பயிற்சி நடத்தியவர் ரஃபி சார். பரங்கிப்பேட்டைக்காரர், தாவரவியல். செடியைத் தொட்டுப் பார்த்தே பேர் சொல்லிவிடுவார். சிதம்பரம் வேன் அவர் பொறுப்பு, கடலூர் பஸ் என் பொறுப்பு.

தனி இடம்

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிப் பயிற்சி. அதற்கு 'தனி இடம்' என்று பேர் வைத்திருந்தோம். ஒவ்வொருவரும் காட்டுக்குள் ஓர் இடத்தில் தனியாக உட்கார வேண்டும். அரை மணி நேரம். பேசக்கூடாது, போன் பார்க்கக்கூடாது. எதிரில் தெரிவதை மணியோடு குறித்து எழுத வேண்டும். நான் மிரட்டிவைத்தேன். வாத்தியார்களை மிரட்டினால்தான் நடக்கும்.

"நான் விசில் ஊதுற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பாம்பு வந்தாலும் எழுதினு ஒக்காந்திருக்கணும்."

சிரித்தார்கள். ஆளுக்குப் பத்தடி இடைவெளியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் சிதம்பரம் டீச்சர்கள் இரண்டு பேர் சம்பந்தி வீட்டுக் கதையை ஆரம்பித்துவிட்டார்கள். அந்தோணிசாமி சார் என்னிடம் வந்தார்.

"டீச்சர், இங்க பேச்சு சத்தம் ஜாஸ்தியா இருக்கு. ஓடைக்கு அந்தாண்ட ஒரு பாறை இருக்குது பாருங்க, அங்க போயி ஒக்காரட்டுமா?"

ஓடை அங்கிருந்து கூப்பிடு தூரம். பாறை புதருக்குப் பின்னால் இருந்தது, சரியாகத் தெரியவில்லை. ஒருவர் இன்னொருவர் கண்ணில் படும்படி உட்கார வேண்டும் என்பது நானே போட்ட விதி. அதை நானே மீறினேன். ஒழுங்காக வேலை செய்கிற ஒருத்தரை இந்த அரட்டைக் கூட்டத்தில் உட்கார வைப்பானேன் என்று தோன்றியது.

"போங்க சார். விசில் காதுல வுழும் இல்ல?"

"வுழும் டீச்சர்."

இரண்டேகாலுக்கு விசில் ஊதினேன். மூன்று முறை. முதல் நாள் மேலே எங்கோ மழை பெய்திருந்ததால் ஓடையில் தண்ணீர் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது காதில் விழவே இல்லை. பழகின சத்தம் யாருக்குத்தான் காதில் விழும்?

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் மலைப்பாதையில் இறங்கிவிட வேண்டும் என்று பஸ் டிரைவர் ஹாரன் அடித்தபடியே இருந்தார். பெட்டியைத் தூக்கு, பையைத் தூக்கு என்று ஒரே கலவரம். நான் பஸ் படியில் நின்று, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டேன். "ஏறியாச்சு, ஏறியாச்சு!" என்று பத்துப் பன்னிரண்டு குரல். சீட் ஒன்று காலியாக இருந்தது, எனக்குத் தெரிந்தது. அந்தோணிசாமி சார் காலையில், "சிதம்பரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டுப் போலாமான்னு பாக்குறேன்" என்று யாரிடமோ சொல்லியிருந்தார். "சார் வேன்ல போறாரு மேடம்" என்றார் பின்சீட்டுக்காரர் ஒருவர். சரி என்றேன். மூன்று மணிக்குப் பஸ் கிளம்பியது. வேன் எங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தது.

அடிவாரத்தில் சிக்னல் கிடைத்ததும் வருகைத்தாளைப் போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பினேன். கூடவே நிறைவு அறிக்கை. அதை முதல் நாளே டைப் செய்து வைத்திருந்தேன். 'பிற்பகல் 3.00 மணிக்குப் பயிற்சி இனிதே நிறைவுற்று, 31 ஆசிரியர்களும் கையொப்பமிட்டுக் கலைந்தனர்.' ஒவ்வொரு வருடமும் அதே வாக்கியம்தான், எண்ணிக்கையை மட்டும் மாற்றுவேன். அடிவாரத்தில் இருந்து நாங்கள் உளுந்தூர்ப்பேட்டை வழி, வேன் விருத்தாசலம் வழி.

பண்ருட்டி தாண்டி

ஆறு மணி வாக்கில் பண்ருட்டி தாண்டும்போது புது நம்பரில் இருந்து போன்.

"டீச்சர், நான் அந்தோணிசாமி சார் வூட்டுக்காரம்மா, பிலோமினா பேசுறேன். அவுரு போன் கெடைக்க மாட்டேங்குது. பக்கத்துல இருந்தா குடுங்களேன்."

"சார் சிதம்பரம் வேன்ல வராரும்மா. தங்கச்சி வூட்டுக்குப் போறாராம்."

"தங்கச்சிக்கும் போன் பண்ணேன் டீச்சர். வரேன்னு சொல்லலியாமே?"

ரஃபி சாரைக் கூப்பிட்டேன். வேன் சேத்தியாத்தோப்பில் டீக்கு நின்றிருந்தது.

"சார், அந்தோணி சார் ஒங்க வண்டியிலதான இருக்காரு?"

"இல்லியே மேடம். அவுரு ஒங்க பஸ்ஸுதான?"

"யா அல்லா" என்றார் ரஃபி சார், மெதுவாக.

அதற்குப் பிறகு நடந்ததை விவரமாக எழுத என்னால் முடியாது. மலையில் இருந்த வனக்காவலருக்குப் போன் கிடைப்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது. கொட்டுகிற மழையில் ஊர்க்காரர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு தேடினார்கள். நானும் ரஃபி சாரும் ஆளுக்கொரு கார் பிடித்துத் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் ஓடை இரண்டு பங்காகிவிட்டது. விடிந்த பிறகுதான் பார்த்தார்கள். பாறைக்குக் கீழே, ஓடையைக் கடக்கப் பார்த்து வழுக்கி விழுந்திருக்கிறார். பின்மண்டையில் அடி. விழுந்த உடனே போயிருக்க மாட்டார், நாலைந்து மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஏன் சொன்னார்? சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் வாய் திறக்கவில்லை

மூன்றாம் நாள் ஆபீஸில் விசாரணை. அலுவலர் என் அறிக்கையையும் வருகைத்தாளையும் மேஜையில் வைத்திருந்தார்.

"மேடம், ஏ.என். சைன் இருக்கு. நீங்களே மூணு மணிக்கு முடிஞ்சிதுன்னு குடுத்திருக்கீங்க. அப்ப சார் மூணு மணி வரைக்கும் இருந்திருக்காரு. அப்பறமா அவரா எங்கியோ போயிருக்காரு. அப்படித்தானே?"

இல்லை சார், அது காலையிலேயே வாங்கின கையெழுத்து. இந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"வேற ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவரே, "வேணாம் மேடம். எழுதிக் குடுத்ததோட நில்லுங்க. எல்லாருக்கும் நல்லது" என்றார்.

நின்றேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. மெமோ வந்தால் பென்ஷன் இழுபறியாகும். பெரிய காரணம் எதுவும் சொல்லிப் பூசி மெழுக விரும்பவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

'பயிற்சி நிறைவுற்ற பின் தம் விருப்பத்தின்பேரில் குழுவை விட்டு விலகிச் சென்றுள்ளார்' என்று கோப்பை மூடினார்கள். அந்த வரி ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் அதற்குக் கை கால் முளைத்தது. தன் விருப்பத்தில் ஓர் ஆம்பிளை மலையில் எதற்கு ஒதுங்குவான்? வாட்ஸப் குரூப்பில் ஒருவர், 'கையெழுத்து போட்டுட்டு சரக்கு தேடிப் போனாராம்' என்று போட்டார். அடியில் கைகூப்பும் பொம்மைகள். பிரேதப் பரிசோதனையில் மது இல்லை என்றுதான் வந்தது. ஆனால் வதந்திக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியாதே. "குடிக்கறதுக்கு முன்னாடியே வுழுந்துட்டாரு போல" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். அதைச் சொன்னவர் அவருடன் மலைக்கு வந்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவர். நான் அந்தக் குரூப்பில் இருந்தேன். படித்தேன். ஒன்றும் எழுதவில்லை.

நோட்டு

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பிலோமினா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையில் இருந்து நோட்டை எடுத்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த பொருள்களில் அதுவும் இருந்திருக்கிறது. பை தோல் என்பதால் ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது.

"கோயில்ல இப்ப யாரும் எங்கிட்ட சரியா பேசறதில்ல டீச்சர். பேசறவங்களும் பாவம் பாக்குற மாதிரி பேசறாங்க. அவுரு வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டதில்ல. நான் சொன்னா யாரு நம்புவாங்க? அதான் இத தெனமும் எடுத்துப் படிச்சினு இருந்தேன். இதுல ஒண்ணு எனக்குப் புரியல. நீங்க சொல்லுங்க."

கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். கரும்பலகையில் எழுதுவதைப் போன்ற உருண்டைக் கையெழுத்து.

'1.50 – கட்டெறும்பு வரிசை. வெட்டுக்கிளியின் கால் ஒன்றை ஏழு எறும்புகள் இழுக்கின்றன.

2.10 – மாங்குயில். ஒன்றுதான்.

2.40 – எறும்புகள் வெட்டுக்கிளியின் காலைப் பாறை இடுக்குக்குள் கொண்டுபோய்விட்டன.

3.05 – தூறல். விசில் இன்னும் இல்லை.

3.20 – டீச்சர் நேரம் கூடுதலாகத் தந்திருக்கிறார் போலிருக்கிறது. நல்லதுதான்.'

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"மூணு மணிக்குக் கையெழுத்து போட்டாருன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. மூணு அஞ்சுக்கு இங்க எழுதினு இருக்காரு. ஒரே மனுசன் ரெண்டு எடத்துல எப்படி டீச்சர் இருந்தாரு?"

நான் அழுதேன். அழுதால் அவர் பரிதாபப்படுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் நின்றபடியே இருந்தார். அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பேடை நீட்டியது, பாறைக்குப் போகச் சொன்னது, காலி சீட்டைப் பார்த்தது, எல்லாவற்றையும்.

அதற்கப்புறம்

மறுநாளே ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். அலுவலர் படித்துவிட்டு, "முப்பது பேரையும் சேத்து மாட்டி வுடுறீங்களே மேடம்" என்றார். முப்பது பேரிடமும் விளக்கம் கேட்டார்கள். இருபத்தொன்பது பேர், பிற்பகல் கையெழுத்தைப் பிற்பகலில்தான் போட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று பாடம் நடத்துகிறவர்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை, இரண்டு மாதம் நானும் அந்த ஜாதிதான். காலையிலேயே போட்டேன் என்று எழுதியவர் சிதம்பரம் டீச்சர் ஒருவர்தான், சம்பந்தி வீட்டுக் கதை பேசியவர். ரஃபி சாரும் எனக்குச் சாட்சி எழுதினார். எனக்குப் பதினேழு-பி மெமோ வந்தது, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு. இன்கிரிமென்ட் போனது, மலைப் பயிற்சியும் நின்றது. 'வாக்குமூலங்களில் முரண்பாடு உள்ளதால் முந்தைய முடிவை மாற்ற முகாந்திரம் இல்லை' என்று கோப்பை மறுபடி மூடினார்கள். இன்றைக்கும் அந்தக் கோப்பில் அந்தோணிசாமி சார் தன் விருப்பத்தில் விலகிப் போனவர்தான்.

முதல் வருட நினைவுப் பூசைக்கு பிலோமினா என்னை வரச் சொன்னார். பூசை முடிந்து ஜனங்கள் கோயில் ஹாலில் இருந்தபோது எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். அவர் குடிக்கப் போகவில்லை, நான் எழுந்திருக்கக் கூடாது என்றேன், அதனால் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று. ஒரு பெரியவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் எதையாவது நம்பியிருப்பார்.

புதிதாகப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கையெழுத்தை எண்ணாதீர்கள், தலையை எண்ணுங்கள். மலையோ கடலோ கம்ப்யூட்டர் ரூமோ, ஏ.என். கையெழுத்தைச் சாயங்காலம்தான் வாங்குங்கள், பஸ் போனால் போகட்டும். இதையெல்லாம் நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். ஆனால் முக்கியமானதை நான் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு ஹாலை விட்டு வெளியே வரும்போது பிலோமினா என்னை நிறுத்திக் கேட்டார்.

"விசில் எத்தன தடவ ஊதுனீங்க டீச்சர்?"

"மூணு தடவம்மா."

"பேரச் சொல்லிக் கூப்ட்டீங்களா?"

"இல்லம்மா."

"அவுரு அப்படித்தான் டீச்சர். பொதுவா கூப்ட்டா யாரையோன்னு இருந்துருவாரு. பேரச் சொன்னா தெருக்கோடியில இருந்தாலும் வந்துருவாரு."

ஆசிரியையாக இருந்த பத்தொன்பது வருடமும் தினம் காலையில் நாற்பது பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளேன் டீச்சர் என்ற குரல் வந்த பிறகுதான் அடுத்த பேருக்குப் போவேன். ஒரு பிள்ளையிடமும் அட்டெண்டன்ஸ் நோட்டை நீட்டி நீயே போட்டுக்கொள் என்று சொன்னதில்லை. அந்த மலையில் முப்பத்தொரு பேரில் ஒருத்தர் பேரைக்கூட நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.